உதடு மரத்துவிட்டது

"மரத்துடுச்சா மாமா?" என்று கேட்க வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டேன். போன வாரம் என் பல் கிளினிக்கில், இதே நாற்காலியில் இதே கேள்வியைக் கேட்டுத்தான் மானம் போயிற்று. என்னுடையதும், அக்கா கணவருடையதும்.

அன்று அவர் கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்து, "கட்டையா இருக்கு, ஆரம்பி" என்றார். கடைவாய்ப் பல்லில் டிரில்லை வைத்ததும் போட்டார் ஒரு அலறல். வெளியே காத்திருந்த இரண்டு பேர் பல்வலியை மறந்து எழுந்து போய்விட்டார்கள். "பயத்துல சில பேருக்கு அப்படித்தான்" என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவளுக்கு அது போதாதா? முப்பது வருஷமாக மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிற எலக்ட்ரீஷியனுக்கு வீடு முழுக்கப் பயந்தாங்கொள்ளி என்று பேராகிவிட்டது.

இன்று காலை அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி வந்து நின்றார். "கடைசித் தடவை. வலிச்சா பல்லைப் புடுங்கிப் போட்டுடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். மெயினை அணைச்சாச்சுன்னு ஒருத்தன் சொன்னா நான் நம்பிக் கை வெப்பேனா? கம்பியிலயே டெஸ்டர் வெச்சுப் பாப்பேன். நீ என்னடான்னா உதட்டைக் கேட்டுட்டுப் பல்லைக் குடையறே."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. டெஸ்டர் என் இழுப்பறையிலேயே கிடந்ததே! பஞ்சில் அடித்துப் பல்லில் வைத்தால் சுரீரென்று குளிரும் ஸ்ப்ரே. நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஊசிக்கு முன்னால் எடுப்பேன். ஊசி போட்ட பிறகு எடுத்ததே இல்லை. அழற்சி கண்ட நரம்பு மருந்துக்கு லேசில் அடங்காது என்று படித்ததெல்லாம் பரீட்சையோடு போயிருந்தது.

அழற்சி தணிக்கும் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். பிறகு ஊசி. கால் மணி நேரத்தில் உதடு மரத்துவிட்டது. கேள்வியை விட்டுவிட்டு, ஸ்ப்ரே அடித்த பஞ்சைப் பல்லில் வைத்தேன்.

"ஆ! கரண்ட் இருக்கு, கரண்ட் இருக்கு!" துள்ளிக்கொண்டே சிரித்தார். "நான் சொல்லல?"

வலியில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. என் சந்தோஷமும் குறைந்ததில்லை. கூடவே வெட்கமாகவும் இருந்தது. "மாமா, அன்னிக்கு நீங்க பயந்து கத்தலை. தப்பு என்னோடது."

அவர் கூரையைப் பார்த்தபடி, "சரி, வேலையைப் பாரு" என்றார்.

பல்லை ஒட்டிக் கன்னத்துப் பக்கம் ஓர் ஊசி. காத்திருந்து மறுபடி பஞ்சு. "லேசா மினுக்குது" என்றார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள சந்தில் இன்னும் கொஞ்சம் மருந்தைத் துளித்துளியாக இறக்கினேன். மூன்றாவது தடவை பஞ்சை வைத்து மனசுக்குள் பத்து எண்ணினேன்.

"எப்ப வெக்கப் போறே?" என்றார்.

"வெச்சாச்சு மாமா!"

எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. டிரில்லை எடுத்தேன். போன வாரம் அலறிய இடம் தாண்டியது. அதற்கும் கீழே, நரம்பறையின் கூரை உடைந்து ரத்தம் மினுங்கியது. நூல் போலச் சிவந்து கிடந்த நரம்பைத் தொட்டேன். வயிற்றின்மேல் கோத்திருந்த அவர் விரல்கள் அசையவில்லை.

அப்போது கதவு படாரென்று திறந்தது. அக்கா. முகம் வெளிறியிருந்தது. "என்னடி, சத்தத்தையே காணோம்? அவருக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

வாய் பிளந்தபடி, கண்ணைக்கூடத் திறக்காமல், கதவைச் சாத்து என்று அவர் கையை வீசினார். அக்கா சாத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டிரில் சத்தத்துக்கு நடுவே நிதானமாக ஏறி இறங்கும் அவர் மார்பையே பார்த்தபடி நின்றாள்.