தவமணி சார் வீட்டு வாழைத்தார்

போன தடவை நீட் தேர்வில் அக்கா ஜெனிஷா வாங்கிய மதிப்பெண் மோசமில்லை. அரசுக் கல்லூரிக்குத்தான் எட்டவில்லை; மறுபடியும் எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் திருச்சபைகள் அனுப்பும் பிள்ளைகளுக்கென்று அங்கே கொஞ்சம் இடங்கள் உண்டு. படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எங்கள் சபைக் கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். இந்தப் பெண் சபை ஊழியத்தில் பங்கெடுத்தவள் என்று செயலர் தவமணி சார் எழுதித் தர வேண்டும்.

இடித்தது அங்கேதான். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காவுக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் கோச்சிங் தேர்வு. அப்பா இன்பசேகரன் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை அந்தத் தெருவிலேயே நடந்துகொண்டிருப்பார். அம்மா பிலோமினாள் தன் பிறந்த வீட்டு மாதா கோயிலுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நானும் அவளோடுதான் போனேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஆக, சமயநல்லூர் சபையில் எங்கள் வீட்டு பெஞ்சு காலியாகவே கிடந்தது.

"விண்ணப்பத்துக்கு வலு சேக்கணும்" என்பதே அந்த அக்டோபர் முழுக்க அப்பாவின் பேச்சு. அவர் வேலை பார்ப்பது மிஷன் பள்ளி அலுவலகத்தில். வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். அக்காவைப் பாடகர் குழுவில் சேர்த்தார். ஞாயிறு பள்ளிக்கு டீச்சராக அனுப்பினார். முதல் நாளே ஒரு சிறுமி அவளிடம், "நீங்க புதுசா எங்க கோயிலுக்கு வந்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டாள். அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பந்தல் போட்டு அத்தனையும் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டுவார்கள்.

அப்பா முந்தின வாரமே திட்டம் போட்டிருந்தார். "தவமணி சார் வீட்டுப் பொருள் எதுவோ, அதை நாமதான் எடுக்கணும். ஊரே பாக்க எடுக்கணும். மனுசன் அதை மறப்பாரா?"

"அவரு என்ன கொண்டு வருவாருன்னு தெரியுமா?" என்றாள் அம்மா.

"என்னத்தக் கொண்டு வந்தா என்ன? கோழின்னா கோழி."

வந்தது ஒரு வாழைத்தார். நாட்டுவாழை, அடி முதல் நுனி வரை சீப்பு சீப்பாகத் திரண்டிருந்தது. தவமணி சாரின் மனைவி கிருபாவதி அத்தை அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏலம் போட்ட ஜோ அண்ணன் அதுவரை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கிண்டல் அடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இந்தப் பூசணிய எடுத்தா பொண்ணு கிடைக்கும்டா" என்று அப்போதுதான் ஒருவரைச் சீண்டியிருந்தார். தாரை எடுத்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அத்தை ஒரு தொகை சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை.

அப்பா கையைத் தூக்கினார்.

ஜோ அண்ணன் மைக்கைக் கொஞ்சம் இறக்கி, "அண்ணே, இது..." என்றார்.

"நீ ஏலத்தப் போடுப்பா. நான் கூட்டிக் கேக்குறேன்."

அத்தை கூட்டினார். அப்பா அதற்கு மேலே கூட்டினார். அவர் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிப்போனது. பக்கத்தில் இருந்த சந்தோசம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒங்கப்பனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? அது அவுக மகன் வச்ச வாழைடி."

தவமணி சாரின் மகன் ஜெய்சன் பைக் விபத்தில் இறந்தது எங்களுக்கும் தெரியும். அப்பா துட்டி விசாரிக்கப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, அக்காவைக் கூட்டிவரும் நேரமாகிவிட்டது என்று திரும்பியிருந்தார். அவன் போன பிறகு அவன் வைத்த வாழையின் முதல் தாரை அத்தை பண்டிகைக்குக் கொண்டுவருவதும், அவரே ஏலத்தில் திரும்ப எடுப்பதும், அதைப் பழுக்கவைத்து மிஷன் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், வேறு யாரும் அதைக் கேட்காமல் விடுவதும் எங்களுக்குத் தெரியாது. சபைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் சுவரோரமாக ஆண்கள் பக்கம் ஓடினேன். "ரெண்டு தரம்" என்றது மைக். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பாமலே என் கையைத் தட்டிவிட்டார். கிருபாவதி அத்தை துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தரம்" என்று ஜோ அண்ணன் முணுமுணுத்தார்.

அப்பா தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே தவமணி சாரிடம் போனார். "சார், ஒங்க வீட்டுத் தாரு. விட்டுருவனா?"

"நல்லது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்துதான் நான் சொன்னேன். அப்பா அப்படியே நின்றார். பிறகு தாரை வாசலில் வைத்தார், உள்ளே கொண்டுவந்தார், மறுபடி வாசலுக்கே கொண்டுபோனார்.

"இப்பவே கொண்டுபோய்க் குடுத்துருவோம். அப்படியே பரிந்துரை பத்தியும் ஒரு வார்த்தை..."

"அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா நான் பரீட்சையே எழுத மாட்டேன்" என்றாள் அக்கா. "நானும் இவளும் போறோம். நீங்க கேட்டுக்கு வெளியவே நில்லுங்க."

கிருபாவதி அத்தை கதவைத் திறந்து எங்களையும் தாரையும் பார்த்தார். தவமணி சார் உள்ளே நாற்காலியில் இருந்தார்.

"பரிந்துரை வேணும்னுதான ஒங்கப்பா ஏலம் கேட்டாரு?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை" என்றாள் அக்கா. "ஜெய்சன் அண்ணன் வச்ச வாழைன்னு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருசமா நாங்க இங்க வரவே இல்ல."

அத்தை தாரை வாங்கிக்கொண்டார். காம்பில் பால் கசிந்த இடத்தை முந்தானையால் துடைத்தார்.

தவமணி சார் எழுந்து வந்தார். "பாப்பா, நீ கெட்டிக்காரி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு வருச ஊழியம்னு நான் எப்படி எழுத? நீயே இப்பச் சொல்லிட்டியே. இந்த வருசம் எழுத முடியாது."

"சரி மாமா" என்றாள் அக்கா. அவள் குரல் உடையவில்லை. என் விரல்களை மட்டும் வலிக்கும்படி இறுக்கினாள்.

நாங்கள் படியிறங்கும்போது அத்தை, "பழுத்ததும் ஆள் விட்டுச் சொல்றேன். ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வர ஒரு கை வேணும்" என்றார்.

கேட்டுக்கு வெளியே அப்பா ஸ்கூட்டரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "என்ன சொன்னாரு?"

"இந்த வருசம் எழுத மாட்டாராம்" என்றேன் நான்.

அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"பழம் பழுத்ததும் ஹாஸ்டலுக்கு வரச் சொன்னாங்க."

அப்பாவின் முகம் சட்டென்று நிமிர்ந்தது. "ஹாஸ்டலா? அங்க பிள்ளைகளுக்குக் குடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா அடுத்த வருசத்துக்கு..."

"அப்பா!"

அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஸ்டார்ட்டரை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. அக்கா ஏறவில்லை, ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நான் அவள் பின்னால் போனேன். நாங்கள் தெருமுனையில் திரும்பும்வரை அப்பா உதைத்துக்கொண்டே இருந்தது கேட்டது.