அரை மணித்தியாலம் முந்தி

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த வேலை என்னுடைய செருப்பைத் துடைத்தது.

முல்லைத்தீவு பஸ் பரந்தன் சந்திக்கு ஏழரைக்கு வரும். அவர் விடியவே குளித்து, நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு, குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கைமணிக்கூட்டைப் பார்த்தார். அது ஏழு மணி காட்டியது. உண்மையான நேரம் ஆறரை.

"இன்னும் நேரம் கிடக்கு. உன்ரை செருப்பைத் தா, துடைச்சு விடுறன்," என்றார்.

கொடுத்துவிட்டுச் சேலை மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ஒரு செருப்பு துடைத்து நிலத்தில் வைத்திருந்தது. மற்றது அவருடைய மடியில் கிடந்தது. துணி கையில் இருந்தது. தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண்ணயர்ந்து போனார் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அதனால் எதுவும் மாறியிருக்காது என்று டொக்டர் சொன்னார். இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டதாம்.

என் கணவருக்கு வயது அறுபத்தாறு. பெயர் ராஜரத்தினம். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நெல் விதைத்து வாழ்ந்த மனிதர். அன்று நாங்கள் போக இருந்தது மாத்தளன் கடற்கரைக்கு. அங்கே கடலில் நான் கால் நனைக்கவேண்டும். அவ்வளவுதான் அலுவல். ஆனால் அதைச் செய்யாமல் பதினாறு வருடம் இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதம், யுத்தம் முடியும் தறுவாயில், வயிற்றிலும் தொடையிலும் ஷெல் காயத்தோடு என்னை மாத்தளன் கரையில் இருந்து கொண்டுபோனார்கள். காயக்காரரை ஏற்றும் செஞ்சிலுவைக் கப்பல் வெகு தூரத்தில் நின்றது. கரையில் இருந்து சின்னப் படகுகளில்தான் அதற்குப் போகவேண்டும். அன்று காயக்காரரைத் தவிர வேறு ஒருவரையும் ஏற்றவில்லை. படகில் கடல் தண்ணி அடித்து என் காயத்தில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்தத் தண்ணிதான் நினைவிருக்கிறது. இவரும், ஏழு வயது மகள் யதுர்ஷிகாவும் கரையில் நின்றுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வவுனியா முகாம் ஒன்றில்தான் அவர்களை மீண்டும் கண்டேன்.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போனதில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும் வருடங்களிலும் கோயிலோடு நின்றுகொள்வேன். இவர் வற்புறுத்தமாட்டார். இடைக்கிடை மட்டும், "அது வெறும் தண்ணியப்பா, ஒருக்காக் காலை வைச்சால் விளங்கியிடும்," என்பார்.

மகள் இப்போது கொழும்பில் பயண முகவர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். கொழும்பில் புறப்பட்டு மாலைதீவு போய்த் திரும்பும் கப்பலில் எங்கள் இருவருக்கும் ஏழு நாட்களுக்கு இடம் எடுத்துவிட்டாள். நான் மறுத்தேன். கப்பலில் தண்ணி காலில் படாது அம்மா, மாடிவீடு மாதிரித்தான் என்று தொலைபேசியில் அரை மணிநேரம் விளங்கப்படுத்தினாள். கடைசியில் இவர் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். கப்பல் நாலாம் நாள் ஒரு சின்னத் தீவில் நிற்கும். அங்கே நான் கால் நனைக்கவேண்டும். நான் ஓம் என்றேன். மாசி அரிவுவெட்டு முடிந்த கையோடு போனோம்.

முதல் நாளே கரைச்சல். புறப்பட முதல் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று காட்டினார்கள். ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவை அங்கி தந்தார்கள். அதைக் கையில் வாங்கியதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மாத்தளனில் படகுக்காரர் போட்டிருந்ததும் அந்த நிறம்தான். இவரும் பக்கத்தில் நிலத்தில் இருந்து, எனக்கு வார் கட்டிவிட்டார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். இவர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று இரவு ஒலிபெருக்கியில் இங்கிலிசில் ஏதோ சொன்னார்கள். அரை மணித்தியாலம் என்பது மட்டும் இவருக்குப் பிடிபட்டது. உடனே மணிக்கூட்டைக் கழற்றி அரை மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார். நானும் சரியென்றே நினைத்தேன்.

இதை வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கையில் இருந்த வன்னி தள்ளவில்லை. பத்து வருடம் நாங்கள் பழைய நேரத்திலும் நாட்டின் மற்றப் பக்கம் புதிய நேரத்திலும் இருந்தோம். வவுனியாவுக்குப் போகிறவர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் அரை மணித்தியாலம் முன்னுக்கு வைப்பார், திரும்பி வரும்போது பின்னுக்கு வைப்பார். வைக்க மறந்து ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போய், நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. இவரும் ஒருமுறை அப்படி வந்தவர். ஆகவே வெளியே போனால் முன்னுக்கு வைக்கவேண்டும் என்பது இவருக்குக் கையோடு ஊறிய பழக்கம்.

கப்பலிலோ அன்று பின்னுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கும் கப்பலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம் வந்துவிட்டது. கைத்தொலைபேசிகளைச் சிக்னல் இல்லை என்று அணைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தோம்.

ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு என்று கதவில் எழுதியிருக்கும். நாங்கள் போனால் கதவு பூட்டியிருக்கும். இவ்வளவு பெரிய கப்பலில் நேரத்துக்கு எழும்ப ஒருவரும் இல்லையா என்று இவர் சலித்துக்கொள்வார். பிறகு இருவரும் மேல்தட்டுக்கு ஏறிப்போவோம். அங்கே ஒரு சனம் இராது. துடைக்கிறவர்கள் இரண்டுபேர் மட்டும் நிற்பார்கள். சூரியன் அப்போதுதான் வரும். கடல் உழுது தண்ணி கட்டிய வயல் மாதிரிக் கிடக்கும். முதல் நாள் தலைச்சுற்றோடு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இவரையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் கம்பி போதுமாக இருந்தது.

அங்கே ஒரு நீச்சல் குளமும் இருந்தது. இவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கடலுக்கு மேலை குளம் கட்டி வைச்சிருக்கிறாங்கள். துருசு எங்கை எண்டுதான் தெரியேல்லை," என்றார்.

துருசு என்பது குளத்து மதகு. நான் சிரித்தேன். கதவு பூட்டியிருந்ததை மறந்துபோனேன். இவரோடு வேலை இல்லாமல் சும்மா நின்ற காலைகள் எங்கள் வாழ்க்கையில் அதற்கு முன் எத்தனை என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு இன்னொரு சோடி இருந்தது. முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜவ்பரும் மனைவி ஸுல்பாவும். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், யுத்தம் முடிந்த பிறகு திரும்பியவர்கள். அந்த மேசையில் காரமான எதுவும் வராது. நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் பொட்டலத்தை ஸுல்பா கண்டுபிடித்ததில் இருந்து அது நாலு பேருக்கும் பொதுவாகிவிட்டது. கடலில் கால் நனைக்கப் போகும் கதையை நான் அவவுக்கு மட்டும் சொன்னேன். அடுத்த நாள் தன்னுடைய றப்பர் செருப்பைக் கொண்டுவந்து தந்து, மணலுக்கு இதுதான் நல்லது என்றா.

நாலாம் நாள் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் படகு நாலு மணிக்குத் திரும்பும் என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். மணல் அரிசிமா போல வெள்ளை. தண்ணிக்கு நிறமே இல்லை. நான் பகல் முழுக்க ஒரு தாழைப் பற்றையின் நிழலில் இருந்தேன். இவர் முழங்காலளவு தண்ணியில் நின்று என்னைப் பார்ப்பார். கூப்பிடமாட்டார். மத்தியானம் திரும்பிய பிறகு எழும்பினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணல்வரை நடந்தேன். அலை வந்து எனக்கு இரண்டு அடி முன்னால் நின்றது. பிறகு ஒரு அடி. அடுத்தது பட்டிருக்கும்.

அப்போதுதான் இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தண்ணியைச் சிதறிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"வா, வா. மூண்டேகால். கப்பல் விட்டிட்டுப் போயிடும்."

"கால் நனைக்கவோ வேண்டாமோ?"

"பிறகு பாப்பம். இப்ப வா."

இழுத்துக்கொண்டு போனார். இறங்குதுறையில் ஒரு படகும் இல்லை. வெயிலுக்குள் நின்றோம். கடைசிப் படகு முந்தியே போய்விட்டது என்று இவர் சொன்னார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். கப்பல் தூரத்தில் அசையாமல் நின்றது. இவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் ஜவ்பரும் ஸுல்பாவும் நனைந்த உடுப்போடு ஆறுதலாக நடந்து வந்தார்கள். ஏன் இவ்வளவு வெள்ளன வந்தீர்கள் என்று ஜவ்பர் கேட்டார். மணிக்கூடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இவர் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த ஜவ்பருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்ப நீங்க இன்னும் ஓமந்தை தாண்டுறீங்க, அண்ணன்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்களைத் தொண்ணூறிலையே அனுப்பிட்டாங்க. உங்கட பழைய நேரம் எங்களுக்குத் தெரியாமப் போச்சு," என்றார்.

குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ஓம் தம்பி, அதுவும் ஒரு பிழைதான்," என்று மெதுவாகச் சொன்னார்.

கடற்கரைக்குத் திரும்பிப் போக இன்னும் நேரம் இருந்தது. ஸுல்பா என்னைப் பார்த்தா. நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஓரடியைத் திரும்ப நடக்க என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அன்று இரவு முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை கண் விழித்தபோது அவரும் விழித்திருந்தார். பழகிவிட்ட பிழையான நேரம். ஒருவரையொருவர் கேட்காமல் மேல்தட்டுக்குப் போனோம். துடைக்கிறவர்கள் எங்களைக் கண்டு தலையசைத்தார்கள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கதைத்தார்.

"உன்னை ஏத்தின படகைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சளவு தண்ணி வரைக்கும் வந்தனான். பிள்ளை தோளிலை. விடச்சொல்லிக் கத்தினாங்கள். விட்டிட்டன். பிறகு கரையிலை நிண்டு மணிக்கூட்டைப் பாத்தன். நாலு நாப்பது. எதுக்குப் பாத்தனான் எண்டு இண்டைக்கும் தெரியாது."

பதினாறு வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை. அவர் தண்ணிக்குள் வந்தது எனக்குத் தெரியாது. கரையில் நின்றார் என்றே நினைத்திருந்தேன்.

"நேற்றுக் கப்பலைக் கண்டவுடனை எனக்கு அந்த ஞாபகம்தான். திரும்பவும் விட்டிட்டுப் போயிடும் எண்டு."

"போனால் போகட்டுமே," என்றேன். "இந்தமுறை ரெண்டு பேரும்தானே கரையிலை நிண்டிருப்பம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி, நேரத்தைத் திருத்தப் போனார். நான் கையை வைத்து மறித்தேன். இது திருத்தப்பட்டால் நாளைக்குக் கதவு திறந்திருக்கும், நாங்கள் நேரே சாப்பிடப் போய்விடுவோம், இந்த ஒரு மணித்தியாலம் இராது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு அதை அப்படியே கட்டினார். எங்கள் கடலிலேயே கால் நனைப்போம், ஊருக்குப் போனதும் மாத்தளனுக்குப் போவோம் என்று அங்கே நின்றுதான் முடிவெடுத்தோம்.

மிச்ச நாட்களும் கப்பலுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வாழ்ந்தோம். சனிக்கிழமை கொழும்பில் இறங்கியதும் வித்தியாசம் அரை மணித்தியாலமாகக் குறைந்தது. வீட்டிலும் அவர் அதைத் திருத்தவில்லை. வந்ததும் வைக்கோல் ஏற்றும் வேலை, பிறகு இரண்டு கிழமை மழை. ஐந்து கிழமை கழித்துத்தான் ஒரு நாள் வாய்த்தது. அந்தக் காலையைத்தான் முதலில் சொன்னேன்.

சாம்பலைக் கரைக்கக் கீரிமலைக்குப் போவோம் என்று உறவுகள் சொன்னார்கள். நான் மாத்தளன் என்றேன். முப்பத்தோராம் நாள், கொள்ளி வைத்த அவருடைய தம்பி மகன், எங்கள் பெறாமகன் மதுசன் வான் பிடித்தான். யதுர்ஷிகாவும் வந்தாள். பெண்கள் வானுக்குள் இருந்தால் போதும் என்று மதுசன் சொன்னான். நான் இறங்கினேன்.

அவர் துடைத்து வைத்த ஒரு செருப்பும், துடைக்காத மற்றதும் போட்டிருந்தேன். கரையில் கழற்றி வைத்தேன். மதுசன் சாம்பல் முட்டியோடு தண்ணிக்குள் இறங்கி, முழுகிவிட்டு வந்தான். நான் ஈர மணலில் நின்றேன். அலை இரண்டு அடி முன்னால் நின்றது. பிறகு ஒரு அடி. அடுத்ததற்கு நான் காத்திருக்கவில்லை, நானே நடந்தேன். தண்ணி கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. இளஞ்சூடாக இருந்தது. வெறும் தண்ணிதான். யதுர்ஷிகா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் இந்தத் தண்ணியில் அப்பாவின் தோளில் இருந்தவள்.

மதுசன் கரையில் நின்று கூப்பிட்டான். வீட்டில் பூசைக்கு ஐயர் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார் என்றான். "பத்தரையாகப் போகுது போலை. வெளிக்கிடுவம் பெரியம்மா."

அவருடைய மணிக்கூடு என் கையில் இருந்தது. பத்தரை காட்டியது.

"இன்னும் நேரம் கிடக்கு," என்றேன்.

வான் கண்ணாடிக்கு முன்னால் இருந்த மணிக்கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஓம், பத்துத்தான் என்று மதுசன் மணலில் இருந்துகொண்டான். நானும் மகளும் அந்த அரை மணித்தியாலமும் தண்ணிக்குள் நின்றோம்.

அந்த மணிக்கூடு இப்போதும் அரை மணித்தியாலம் முந்தித்தான் ஓடுகிறது.