காட்சிமேடையில் காயும் நெத்திலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு பழைய துறைமுக ஊரைப் பற்றி (பெயரைச் சொல்ல மாட்டேன், தேடாதீர்கள்) சுற்றுலா மலர் ஒன்றுக்கு நான் எழுதிய கட்டுரை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று கேட்டார்கள். இடிந்த சுங்கச்சாவடி, விளக்குத்தூண், புதிதாகக் கட்டிய காட்சிமேடை என்று எழுதினேன். மேடையைப் பற்றி எழுதும்போது கருவாடு விற்கும் சந்தனமேரி உள்ளே வந்துவிட்டார். மலரின் ஆசிரியர் கோபிநாத், அந்தம்மாவை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். போய்யா என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக் கதையாக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: பொன்னிற மணலில் வெள்ளலைகள் வந்து...

(சீ. அங்கே மணல் ஏது, சேறுதான்.)

இரண்டாம் தொடக்கம்: வெளியூர்க்காரர்கள் நின்று கடல் பார்ப்பதற்காக வழுவழுவென்று சிமெண்ட் தளம் போட்டார்கள். ஊர்ப் பெண்கள் அதைக் கருவாட்டுக் களம் என்றே நினைத்துவிட்டார்கள். வேறெதற்கு ஒருவர் கடலோரத்தில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்துத் தளம் போடுவார்? சந்தனமேரி முதலில் காய்ந்த நெத்திலியை இலையில் கட்டி, மேடை கட்டிய அதிகாரிக்கு நன்றி சொல்லிக் கொடுத்தனுப்பினார். அவரும் வறுத்துத் தின்றார். (இதையும் கோபிநாத் எடுக்கச் சொன்னார்.)

3

திறப்புவிழாவுக்கு நாள் குறித்ததும், நாறுகிறது, அள்ளுங்கள் என்றார் அதே அதிகாரி. தரையில் காயவைத்தால் மீனில் மண் ஒட்டும், வியாபாரி தொடமாட்டார். சந்தனமேரிக்கு வேறு பிழைப்பு கிடையாது. இங்கே அவரை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவர் அழுகிற ஆளில்லை. எனக்குத்தான் ஆத்திரத்தில் கண் கலங்கியது.

அதிகாரியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கடலைப் பாக்கத்தானே மேடை? பாக்கட்டும் சார். அதுல இருந்து வந்ததையும் சேத்துப் பாக்கட்டும். நான் இங்கிட்டுத்தான் இருப்பேன்."

4

முடிவு அ: அதிகாரி மனம் மாறி... (மாறவில்லை.)

முடிவு ஆ: சந்தனமேரி கூடையைத் தூக்கிக்கொண்டு...

மாட்டேன். என் கையால் அவரை அனுப்ப மாட்டேன்.

திறப்புவிழாக் காலை. வாழைமரம் கட்டியாயிற்று. மேடை நிறைய நெத்திலி, நடுவில் சந்தனமேரி. மற்றப் பெண்களும் கூடைகளோடு வந்து அவரைச் சுற்றி உட்கார்கிறார்கள். மேளச்சத்தம் நெருங்குகிறது. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

கடல் பார்க்க வந்தவர் நீங்கள். அவர் எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றினால், செருப்பைக் கழற்றிவிட்டு, மீனை மிதிக்காமல் நடந்துபோய், அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.