பிள்ளைப்பெறுவுக்கு வளர்த்த கோழிகள்

இத்தாலியின் சியாகுல்லியில் மாசி மாதத்தில்தான் மந்தரின் தோடம்பழம் முற்றும். மலைக்காற்று இறங்குவதும் அப்போதுதான். அப்படியொரு மாசியில், தோட்டத்துக்கு நடுவே இருந்த காவல் வீட்டில், புனிதமலர் ஏழு கோழிகளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அவை முட்டைக்கு வளர்த்த கோழிகள் அல்ல. மகள் யூலியானாவுக்குத் தலைப்பிள்ளை. பெற்ற உடம்புக்கு மல்லியும் மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக்கறி வைக்க வேண்டும். அதற்குக் கையால் வளர்த்த கோழி வேண்டும். கபோ சந்தையில் உரித்துத் தொங்கும் கோழியை அவள் நம்பவில்லை. ஆவணியிலேயே குஞ்சாக வாங்கிவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. யூலியானா இருந்தது நகரத்துக்குள், போர்கோ வெக்கியோவில், ஒற்றை அறையில். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியட்டும் என்று தாயிடம் வந்து தங்கினாள். வந்த அன்றே புனிதமலர் கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைத்தாள். மன்னாரில் அவளுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். அங்கே சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. காற்று வரும், போகும். இங்கே தோட்டத்துச் சொந்தக்காரி சினியோரா புதிதாகப் போட்டுக்கொடுத்த இரட்டைக் கண்ணாடி யன்னல். போதாததற்கு, கதவின் கீழ் இடுக்கிலும் பழைய சேலையைச் சுருட்டி அடைத்தாள். பிள்ளைகளே, அன்பில்தான் அடைத்தாள். அதை நீங்கள் மறக்கக்கூடாது.

"அம்மா, தலை இடிக்குது," என்றாள் யூலியானா, நாலாம் நாள்.

"பெத்த தலை இடிக்காமல் என்ன செய்யும்? காதுக்குள்ளை காத்துப் போயிருக்கும். பஞ்சை வை."

"யன்னலைக் கொஞ்சம் திறக்கட்டே? ஆசுப்பத்திரி டொத்தொரெஸ்ஸா காத்து வேணும் எண்டல்லோ சொன்னவ."

"அவ எத்தினை பெத்தவவாம்? யன்னலைத் தொட்டுப் பார், கையை முறிப்பன்."

யூலியானா சிரித்துக்கொண்டே மறுபடி படுத்தாள். குழந்தை பால் குடிக்கிற நடுவிலேயே உறங்கிப்போனது. பார்க்க வந்தவர்கள், என்ன சோலியில்லாத பிள்ளை என்று மெச்சினார்கள். புனிதமலருக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கிழமை ஆலங்கட்டி மழை பெய்தது. குளிரில் ஒரு கோழியின் கொண்டை நுனி கறுத்தது. மற்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குறண்டிக்கொண்டு நின்றன, தீனிக்குக்கூட வரவில்லை.

"என்னப்பா, இதுகள் செத்தால் மகளுக்கு என்னத்தைக் காய்ச்சுறது?" என்று புருசன் கிறிகோரியைக் கேட்டாள்.

"ஆளுக்கொரு கம்பளிச் சட்டை பின்னிப் போடன்."

"பகிடியை விட்டிட்டு வழியைச் சொல்லுங்கோ."

"மகளுக்கு வைச்சதை இதுகளுக்கும் வைப்பம். இதுகளும் பொம்பிளையள்தானே."

மரங்களுக்குப் போர்த்தும் பிளாஸ்ரிக் விரிப்பால் கூட்டை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினான். மறுநாள் காலை, மந்தரின் கட்டைகளை எரித்துத் தணலாக்கி, பாதியை வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் அள்ளிக் கூட்டுக்குள் வைத்தான். அதே தணலில் மிச்சத்தைப் புனிதமலர் மகளின் சட்டிக்குள் கொட்டினாள். தாயும் பிள்ளையும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வராமல் கதவைச் சாத்தி, சேலையை வெளிப்பக்கத்திலிருந்து காலால் தள்ளி அடைத்தாள்.

மதியத்துக்குச் சற்று முன், ஆலங்கட்டி மறுபடி விழத் தொடங்கியிருக்க, கறிக்கு முதல் கோழியைப் பிடிக்கப் போனாள். கிறிகோரி விரிப்பை அவிழ்த்துத் தலையை உள்ளே விட்டான்.

ஏழும் கீழே கிடந்தன. இரத்தமில்லை, இறகு பறக்கவில்லை.

"விறைச்சுப் போச்சுதுகள், புனிதம்."

அவள் ஒன்றைத் தூக்கிச் செட்டைக்குள் கையை விட்டாள். "இல்லையப்பா. சுடுகுது."

கொண்டையைப் பார்த்தாள். கறுத்திருந்த நுனியைத் தவிர மற்றதெல்லாம் செக்கச்செவேலென்று, உயிரோடு இருந்தபோது இல்லாத சிவப்பில் இருந்தது. தகரத்துத் தணலில் புகையே இல்லை. மெல்லிய வெள்ளைச் சாம்பல் மட்டும்.

கிறிகோரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான். "எனக்கும் தலை இடிக்குது."

புனிதமலர் கோழியைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்த பழங்கள் காலுக்குக் கீழே நசுங்கின. கதவைத் தள்ளினாள், சேலை சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. தோளால் இடித்தாள்.

"யூலி! எழும்பு! யூலி!"

அசைவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பின்னால் வந்த கிறிகோரி மகளைக் கமக்கட்டில் பிடித்து வாசல்வரை இழுத்தான்.

குழந்தையின் உதடு சிவந்திருந்தது. எந்தக் காற்று படக்கூடாதென்று ஒன்பது நாள் காத்தாளோ, அந்தக் காற்றுக்குள், சுற்றிய துணியை உருவி எறிந்துவிட்டுப் பிள்ளையை நீட்டிப் பிடித்தாள். ஆலங்கட்டி அதன் வயிற்றில் விழுந்து தெறித்தது.

"அழடி. என்ரை ராசாத்தி, அழடி."

அது அழவில்லை. கிறிகோரி தொலைபேசியில் இத்தாலியனில் கத்திக்கொண்டிருந்தான். வாசலில் யூலியானா இருமி, வாந்தியெடுத்தாள். அதற்குப் பிறகுதான், கால் ஒன்றை இழுத்து, குழந்தை முனகியது.

அம்புலன்ஸ் வந்தது. இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். மூடிய அறைக்குள் தணலின் நச்சுக்காற்று நிறைந்துவிட்டது என்ற தாதி, யார் நெருப்பு வைத்தது என்று கேட்டாள். கிறிகோரி வாய் திறக்குமுன், "நான்," என்றாள் புனிதமலர். பிள்ளை பிழைக்கும் என்றாள் தாதி. மூளைக்கு ஏதும் நடந்திருக்கிறதா என்பது மட்டும் வளர வளரத்தான் தெரியும் என்றாள்.

யூலியானா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் அம்புலன்ஸ் படியில் கால் வைத்தபோது ஒட்சிசன் முகமூடியை விலக்கினாள்.

"நீங்கள் வர வேண்டாம், அம்மா."

"பிள்ளையை ஆர் பிடிக்கிறது?"

"நான் பிடிப்பன். அப்பா வரட்டும்."

புனிதமலர் காலைக் கீழே எடுத்தாள். தன் சால்வையைக் கழற்றி நீட்டினாள். யூலியானா அதை வாங்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் திறந்திருந்த கதவுப் பக்கம், காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.