தலைகீழாகச் சுழன்ற தட்டு

மூன்றாவது தடவையும் தட்டின் நகல் எழுபத்தொரு சதவீதத்தில் நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கணினியை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன்.

சுரபாயா நகரம் முழுக்கத் திருட்டுத் தட்டு போட்டு வீடியோ கேமில் கால்பந்து ஆடிய காலத்தில், என் கணவர் ஹெரு மட்டும் அசல் தட்டு வாங்கினார். தெருவே சிரித்தது. போன வருடம் பைக்கில் விழுந்து இடது கை விளங்காமல் போனபின், விளையாட்டுப் பெட்டியின் கன்ட்ரோலரை அவரால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் நண்பன் கீத்தோ வந்து, வேண்டுமென்றே தோற்றுவிட்டுப் போவான். நல்ல மனசுதான். ஆனால் அவன் போனபின் ஹெரு சாப்பிடமாட்டார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டைக் கணினியில் நகலெடுத்துவிட்டால் பொத்தான்களையெல்லாம் வலது கைக்கே மாற்றிவிடலாம். ஆட்டக்காரனை ஓடவைக்கத் தரையில் ஒரு பழைய கீபோர்டு, அதில் இடது கால் பெருவிரல். எல்லாம் தயார், கீறல் விழுந்த தட்டுதான் மசியவில்லை.

"கீறல் மேல பல் பேஸ்ட் போட்டுத் தேச்சீங்களா அண்ணி?" என்றான் கீத்தோ, டெம்பே என்ற சோயா வறுவலை மென்றபடி.

"தேச்சாச்சு. புதினா வாசனை வருது, நகல்தான் வரல."

"விடு ரத்ரி," என்றார் ஹெரு. "இவன் பாவம் பாத்துத் தோக்கறதே எனக்குப் போதும்."

கீத்தோ மெல்லுவதை நிறுத்தினான். பிறகு அவன்தான், "டேய், அந்தக் காலத்துல கேம் வாடகைக் கடையில பெட்டி தட்டைப் படிக்கலேன்னா என்ன பண்ணுவோம்?" என்றான்.

எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தேய்ந்த பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத்தான் ஆடுவோம். தட்டு படிக்கும் கருவியைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு தீப்பெட்டிகள் மேல் வைத்தேன். அறுபத்தொன்பது. எழுபது. எழுபத்தொன்று. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். எழுபத்திரண்டு.

நூறு வந்தபோது நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

கீத்தோ தன் கன்ட்ரோலரைக் கணினியில் செருகி, வழக்கம்போலச் சாய்ந்து உட்கார்ந்து ஆடினான். ஹெருவின் முதல் கோல் விழுந்தது. இரண்டாவதற்கு நிமிர்ந்தான். மூன்றாவதற்கு அவன் முகமே மாறிவிட்டது.

"நான் விட்டுக்கொடுக்கலடா."

"தெரியுதுடா," என்றார் ஹெரு.

"இன்னொரு ஆட்டம் போடு."

கீத்தோ தொப்பியைக் கழற்றினான், போனைக் கவிழ்த்து வைத்தான், ஒரு காலை மடித்து, அந்த நாளில் வாடகைக் கடையில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தான். ஹெரு அவசரப்படவில்லை. வறுவல் கிண்ணத்தில் மிச்சமிருந்த டெம்பேயை எல்லாம் வலது கையால் தன் பக்கம் இழுத்து, நிதானமாகத் தின்னத் தொடங்கினார். கீழே அவருடைய பெருவிரல் கீபோர்டின் மேல் தயாராக இருந்தது.