நீல வள்ளத்தின் எண்

ஞானதாசன் மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, படகின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளைப் படகு. மேலே துணிக் கூரை, உள்ளே இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆறு கடலில் சேரும் பொழியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்காக வாங்கியது.

அந்த வழியாக வந்த செல்வன் நின்றான். ஞானதாசனின் பெரியப்பா மகன். இரண்டு வருடம் முன்பு ஞானதாசனின் மீன்பிடி வள்ளத்தை வாங்கியவன்.

“லே, அது எனக்க நம்பருல்லா?”

“ஒனக்க நம்பரா? ஒனக்கு வள்ளத்தத்தான வித்தேன். பேர வித்தேனா?”

“பேரு வேற, நம்பரு வேற மக்கா.”

“எல்லாம் ஒண்ணுதான். போ அண்ணே, பெயின்ட் காயட்டும்.”

செல்வன் சிரித்துக்கொண்டே போனான்.

அவர்கள் குடும்பத்தில் வள்ளத்தை விற்றால் பெயரை விற்பதில்லை. ‘ஆரோக்கியமாதா’ என்ற பெயர் அப்பாவின் கட்டுமரத்திலிருந்து ஞானதாசனின் வள்ளத்துக்கு வந்தது. வாங்கிய செல்வன் அதைச் சுரண்டிவிட்டுத் தன் வீட்டுப் பெயரை எழுதிக்கொண்டான். எண்ணை மட்டும் விட்டுவைத்தான். மானிய மண்ணெண்ணெய்க்கு அது வேண்டும். இப்போது ஞானதாசன் பெயரோடு எண்ணையும் வெள்ளைப் படகுக்குக் கொண்டுவந்தான். வீட்டுப் பெயர் வீட்டோடு வருவதுபோல எண்ணும் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முழுக்க நம்பினான் என்று சொல்ல முடியாது. களைத்துப்போயிருந்தான்.

உல்லாசப் படகுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்றார்கள். பஸ் மாறிப் பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு மூன்று தடவை போனான். முதல் தடவை, படகைக் கட்டியவர்களின் சான்றிதழ் கேட்டார்கள். கேரளத்துக்குப் போய் வாங்கி வந்தான். இரண்டாம் தடவை, அதில் முத்திரை இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை, படகை அளந்து பார்க்கும் அதிகாரி விடுப்பில் இருந்தார். அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அதற்குள் நாலு ஞாயிறு வீணாய்ப் போகும். அப்போதும் அதிகாரி இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? மஸ்கட்டில் பதினோரு வருடம் எத்தனையோ வரிசைகளில் நின்றவன். இந்த வரிசைக்கு அவனிடம் தெம்பு மிச்சமில்லை.

“ஆராவது கேட்டா என்ன சொல்லுவிய?” என்று கேட்டாள் மனைவி பெமிலா.

“ஆரு கேப்பா? நம்பரு இருக்கான்னு பாப்பான். ஆருக்க நம்பருன்னா பாக்கப்போறான்?”

“ஒங்களுக்கு என்ன, கரையில இருப்பிய. ஓட்டப்போறது எனக்க தம்பியல்லா.”

“ஒனக்க தம்பிக்கு நீந்தத் தெரியும் ஏட்டி.”

ஏழு ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. பெமிலாவின் தம்பி ஆன்றோ படகை ஓட்டினான். போலீஸ்காரர்கள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். எண் இருந்தது. போய்விட்டார்கள்.

எட்டாவது ஞாயிறு, தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி குடும்பத்தோடு வந்தார். ஐந்து பேர், அதில் ஒரு சின்னப் பிள்ளை. மலையில் இரண்டு நாளாக மழை. ஆறு கலங்கி, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆன்றோ தண்ணீரைப் பார்த்துவிட்டு ஞானதாசனைப் பார்த்தான். ஒரு சுற்றுதானே என்றான் ஞானதாசன்.

நாலரை மணிக்கு ஆன்றோ போனில் கூப்பிட்டான்.

“அத்தான், என்ஜின் நிண்ணு போச்சு. நங்கூரம் பிடிக்கல்ல. ஆறு எங்களக் கடலுக்கு இழுக்குது...”

அதோடு தொடர்பு அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. தூரத்துத் துறைமுகத்தில் கட்டிய ஒன்றிரண்டு போக, வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. என்ஜின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆள் சேர்த்து ஒன்றை இறக்குவதற்குள் முக்கால் மணி நேரமாவது ஆகும். ஞானதாசன் கடலோரப் போலீசுக்குப் போன் செய்து, என்ஜின் நின்ற படகைப் பொழியிலிருந்து கடல் இழுக்கிறது என்றான்.

“போட் நம்பர் சொல்லுங்க.”

யோசிக்காமல் சொன்னான். இருபது வருடமாக மனப்பாடமான எண்.

“சரி, ரோந்துப் படகு பக்கத்துலதான் நிக்குது. பயப்படாதீங்க.”

அவன் மணலில் உட்கார்ந்தான். பெமிலா நின்றுகொண்டே இருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அதே குரல், கோபமாக.

“என்னங்க, விளையாடுறீங்களா? நீங்க சொன்ன நம்பர் துறைமுகத்துல கட்டிக் கிடக்கு. நீலக் கலர் மீன்பிடி போட்டு. எங்க ஆள் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. ரோந்தத் திரும்ப வரச் சொல்லியாச்சு.”

பொய் எண் என்று சொல்ல ஞானதாசன் பயந்தான். சொன்னால் படகு போய்விடும். வழக்கு வரும். ஊரில் தலைகாட்ட முடியாது.

“அது... அது வேற போட்டு சார். இது...”

“ஒரே நம்பர்ல ரெண்டு போட்டா? எப்படிங்க?”

பெமிலா அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். “சொல்லுங்க. எனக்க தம்பி வெள்ளத்துல கெடக்கான். அந்தப் பிள்ளையும் கெடக்கு. சொல்லுங்க.”

“சார், நான் பொய் நம்பரு எழுதியிருக்கேன். எனக்க போட்டு வெள்ளை. துணிக் கூரை. டூரிஸ்ட் போட்டு. மொத்தம் ஆறு பேரு. ஒரு சின்னப் பிள்ள.”



“வெள்ளையா?” என்றது குரல். பிறகு அவர் யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிடுவது கேட்டது.

வெளிச்சம் போகிற நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். பூ வியாபாரி மணலில் கால் வைத்ததும் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அவருடைய சின்ன மகள் ஆன்றோவின் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை. தாய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

“நீங்கதான் போட்டுக்காரரா?” என்று கேட்டார் வியாபாரி. ஞானதாசன் தலையை ஆட்டினான். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஆன்றோ ஞானதாசனிடம் வந்தான். “போலீஸ் போட்டு அஞ்சு மணிக்கே வந்துது அத்தான். நூறடி தள்ளித்தான் போச்சு. எல்லாரும் கையக் காட்டுனோம். அந்தக்கா ஷாலக் கழத்தி வீசுனாவ. அவனுவ சிரிச்சிட்டு, திருப்பிக் கையக் காட்டிட்டுப் போயிட்டானுவ.”

ரோந்துக்காரர்களுக்குப் பதிவேட்டில் இருந்ததைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தேடியது நீல மீன்பிடி வள்ளத்தை. வெள்ளைப் படகில் கையசைத்தவர்கள் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணிகள்.

“நான் இனி ஏறமாட்டேன்,” என்றான் ஆன்றோ. பெமிலா அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கணவனைக் கூப்பிடவில்லை.

போலீஸ்காரர்கள் படகைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுவாரம் ஞானதாசன் நாலாவது தடவையாக நாகர்கோவிலுக்குப் போனான். நீல வள்ளத்தின் எண் தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுக்கச் செல்வனும் வந்தான். கரண்ட் இல்லை. அளக்கும் அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். காகிதங்கள் சரியாக இருக்கின்றன, அடுத்த மாதம் வாருங்கள் என்றாள் ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண்.

“வாறேன்,” என்றான் ஞானதாசன்.

வெளியே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது செல்வன் சொன்னான்: “நல்ல கிறுக்கன்லே நீ. வாயில வந்த ஏதாவது ஒரு நம்பர எழுதியிருந்தா இந்தப் பாடே இல்ல. எனக்கதப் போயி எழுதி மாட்டிக்கிட்ட.”

ஞானதாசன் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்பவும் அவனுவ கையக் காட்டிட்டுத்தான் போயிருப்பானுவ அண்ணே. போலீஸ்காரன் கேட்டா காட்டுறதுக்குத்தான் நம்பருன்னு நெனச்சிட்டேன். நாம தொலஞ்சு போனா நம்மளத் தேடி வாறவனுக்குள்ளது அது. அதுல பொய் எழுதினா, அவன் நம்ம முன்னால வந்து நிண்ணாலும் நம்மள அறியமாட்டான்.”