வெறும் கடலை

டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்ன டெஸ்ட்டு?" என்று கேட்டால், "டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னாரு" என்பார்கள். "என்ன பார்க்கணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயில இருக்குற முத்தா உதிர்ந்துடும்?" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பதினோரு வருஷமாக இந்த லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒரு ட்யூபில்கூடப் பெயர் மாறியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அக்கா அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அவளிடமும் சீட்டு இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். போய் எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும். வேறு யாராவது என்றால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன்.

"சீட்டு கிடக்குதுக்கா, நான் இருக்கேன்ல. எதுக்கு டெஸ்ட்டு?"

"கடலைக்குத்தான்டி. போன மாசம் தின்னுட்டு உதடெல்லாம் வீங்கிப்போச்சுன்னு சொன்னேன்ல? ஒத்துக்கலையான்னு ரத்தத்துல பார்த்துடலாம்னாரு. இது வேற தினம் கடலை குடு, கடலை குடுன்னு உயிரை வாங்குது."

படிவத்தை எடுத்தேன். அதில் நாற்பது வகைச் சாப்பாட்டுப் பொருள் இருக்கும். எதில் டிக் அடிக்கிறோமோ அதை மட்டும்தான் பார்ப்பார்கள். கடலை என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேர்க்கடலைக்குத்தான் வருவார்கள். என் கை தானாகப் போய் அதில் டிக் அடித்தது.

அக்கா மகளுக்கு ஐந்து வயது. வாயாடி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், அதற்கு அவளும் திரும்பிப் பார்ப்பாள். அக்கா மடியில் உட்கார்ந்து, நான் கையில் ரப்பர் பட்டை கட்டுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, எல்லாத்தையும் எடுத்துடுவியா?"

"ஆமா, ஒரு பக்கெட் எடுப்பேன்."

"அப்புறம் எனக்கு?"

உதடு பிதுங்கிவிட்டது. "அடி போடி, கொஞ்சூண்டுதான். அதுலயும் மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல பத்திரமா வெச்சிருப்பேன். எப்ப வேணும்னாலும் வந்து கேளு, திருப்பித் தர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா சிரித்தாள். ஊசி குத்தியபோது அந்தக் குட்டி அழவில்லை. "உன் மூஞ்சியைப் பார்த்தாதான் பயமா இருக்கு சித்தி" என்றாள். மஞ்சள் கரடி போட்ட பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி அனுப்பினேன். ரத்தத்தில் தெளிந்ததைப் பிரித்து, பாதியைப் பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாள் வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. எண்ணை மட்டும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, சுத்தம். காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா. கடலை ஒண்ணும் பண்ணாது."

"நெஜமாவா? திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிட்டு..."

"டாக்டர் என்ன புதுசா சொல்லப் போறாரு? அவர் பார்க்கப் போறதும் இதே காகிதத்தைத்தான். தைரியமா குடு."

தைரியமா குடு என்று சொன்னது நான்தான். என் வாய்தான்.

மறுநாள் மத்தியானம் அத்தான் போன் செய்தார். ஆஸ்பத்திரி பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது வாயாடியின் முகம் அடையாளமே தெரியாமல் வீங்கியிருந்தது. தொண்டைக்குள் குழாயை இறக்க மூன்று பேர் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த மஞ்சள் கரடி இன்னும் கையில் இருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்ற விடவில்லையாம்.

"என்ன சாப்பிட்டா?" என்று கேட்டபடி வந்தார் டாக்டர்.

"கடலை. அவிச்சுக் குடுத்தேன், ஒரு கிண்ணம்" என்றாள் அக்கா. "கொண்டைக்கடலை."



அப்போதுதான் புரிந்தது. எங்கள் அம்மா வீட்டில் கடலை என்றால் வேர்க்கடலை, வறுத்துப் பொட்டலம் கட்டி விற்பார்களே, அது. அத்தான் வீட்டில் அதை வேர்க்கடலை என்று முழுசாகச் சொல்வார்கள். வெறும் கடலை என்றால் அவர்களுக்குக் கொண்டைக்கடலை. அக்கா ஒன்பது வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் பண்ணிப் பேச்சு மாறிப்போனவள். இது எனக்குத் தெரியாததா? அவளை இதற்காகவே எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்!

"டெஸ்ட் எடுத்தீங்களா? ரிப்போர்ட் எங்கே?" என்றார் டாக்டர்.

கைப்பையைத் திறந்தேன். காகிதத்தில் வேர்க்கடலை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அப்படியே உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தேன்.

"வீட்டுல இருக்கு டாக்டர்."

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அத்தான் அக்காவிடம் பேசிய ஒரே பேச்சு இதுதான்: "டாக்டர்கிட்ட காட்டாம ஏன்டி குடுத்த? எமனுக்கு இலை போட்டுட்டியேடி." வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் அதையே சொன்னார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சிதான் குடுக்கச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. தனியாக இருந்தபோது, "உன் மேல என்னடி தப்பு? மெஷின் பொய் சொன்னா நீ என்ன செய்வ?" என்று என் கையைத் தடவிக் கொடுத்தாள்.  அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மூன்றாவது தட்டில், அவள் பெயரும் வயதும் என் கையெழுத்தில் ஒட்டிய ட்யூபின் அடியில் ஒரு விரற்கடை அளவு மிச்சம் இருந்தது. புதுப் படிவம் எடுத்தேன். கொண்டைக்கடலையில் டிக் அடித்து முழுவதையும் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? உண்மை தெரியவேண்டும் என்றா? மண்ணாங்கட்டி! அதிலும் ஒன்றும் இல்லை என்று வந்தால், சரியான இடத்தில் டிக் அடித்திருந்தாலும் பிள்ளை போயிருக்கும், மெஷின்தான் பொய் சொன்னது என்று ஆகிவிடும். நான் தப்பித்துக்கொள்வேன். மூன்று நாள் அதையே வேண்டிக்கொண்டு இருந்தேன், வெட்கம் கெட்டவள்.

எண் நூறைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் அளக்க முடியாது என்று போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா சமையலறையில், அடுப்பு பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காகிதத்தையும் மேடை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"மெஷின் பொய் சொல்லலக்கா. நான் வேர்க்கடலைக்கு டிக் அடிச்சுட்டேன். நீ கடலைன்னு சொன்னே, எதுன்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும். ரிப்போர்ட் என் பையிலதான் இருந்துச்சு."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து இரண்டையும் படித்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்றாள். "எந்தக் கடலைன்னு."

"தப்புதான்க்கா."

விரல் இரண்டாவது காகிதத்தின் தேதியில் நின்றது.

"இந்தத் தேதியில அவ இல்லையே. இது ஏது?"

"அன்னிக்கு எடுத்ததுல மிச்சம் இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன்.

"இன்னும் இருக்கா? துளியாவது இருக்கா? குடுடி. எனக்குக் குடு."

"இல்லக்கா. இந்த டெஸ்ட்டுக்கே சரியாப் போச்சு."

அவள் காகிதங்களை மடித்து என் கையில் திணித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப எல்லாத்தையும் எடுத்துட்ட" என்றாள்.